ஆண் கொடிகள்: இல்லை

கோலினெட்ஸ் ஊரில் ஹாப் என்றால் அது பெண். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் தருகிற பச்சைக் கூம்பு பெண் கொடியில்தான் காய்க்கும். ஆண் கொடி தனியாக முளைக்கும், தனியாகப் பூக்கும், காற்றில் கொஞ்சம் தூளை உதறும், அதோடு அதன் சமூகப் பங்களிப்பு முடிந்தது. அந்தத் தூள் பெண் பூவின் மேல் பட்டால் கூம்புக்குள் விதை பிடிக்கும். வேறு எந்தப் பயிருக்கும் விதை பிடிப்பது கொண்டாட்டம். ஹாப்புக்கு மட்டும் அது குடும்ப மானப் பிரச்சினை. விதை பிடித்த கூம்பு கனக்கும், மணம் குறையும், பியர் ஆலைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நகரத்து அலுவலகம் மூட்டையின் மேல் ஊர்ப் பெயரோடு குத்த வேண்டிய முத்திரையைக் குத்தாது. முத்திரை இல்லாத ஹாப் வெறும் காய்ந்த தழை.

ஆகவே கோலினெட்ஸைச் சுற்றியுள்ள ஒன்பது தோட்டங்களில், ஏழு மீட்டர் உயரக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கொடிகள் அத்தனையும் பெண்கள்; அத்தனையும் கன்னிகள். இவ்வளவு பேருடைய கன்னிமையையும் காக்கும் பொறுப்பு 1966ஆம் ஆண்டிலிருந்து அலோயிஸ் குபிஷ்டா என்ற ஒரே மனிதரின் தோளில் இருந்தது. தோள் அப்படியொன்றும் அகலமானதல்ல.

அவரைத் தேர்ந்தெடுத்த முறை நேர்மையானது. ஓடைக்கரையிலும் வேலிகளிலும் தானாக முளைக்கிற ஆண் கொடிகளைத் தேடிப் பிடுங்க, மதியத்துக்கு முன் குடிக்காத ஆள் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தேவைப்பட்டார். பதினோரு நாள் விசாரித்தார்கள். இருபத்தாறு வயது அலோயிஸ் அகப்பட்டார். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு கோணிப்பை, ஒரு தீப்பெட்டி, ஒரு கட்டு அச்சடித்த படிவம் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜூன் நடுவில் அவர் வருடம் தொடங்கும். மொட்டு வரும்வரை ஹாப் கொடியில் ஆண் எது, பெண் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதே இலை, அதே சொரசொரப்பான தண்டு, ஒரே பக்கமாகச் சுற்றி ஏறுகிற அதே பிடிவாதம். மொட்டு விட்ட பிறகு விஷயம் வெளியே வரும். அலோயிஸ் ஒரு விரலால் இலையை விலக்கிப் பார்ப்பார். வெள்ளை மயிர் சிலிர்த்த சின்ன முடிச்சாக இருந்தால் பெண். தொப்பியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். சின்னஞ்சிறு திராட்சை போலக் கொத்தாகத் தொங்கினால் ஆண், மண்வெட்டி இறங்கும். வேரோடு எடுத்து, கோணியில் போட்டு, அந்த இடத்திலேயே எரித்துவிடுவார். மொட்டு விரிவதற்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். யார் கண்ணிலும் படாமல் முடிக்க வேண்டும் என்பது அவர் சேர்த்துக்கொண்டது. அதை அவர் ஒரு நாகரிகமாகக் கருதினார்.

வருட முடிவில் படிவம் நிரப்புவார். கண்ட இடம், எண்ணிக்கை, அகற்றிய முறை, மீதமுள்ள ஆண் கொடிகள், மீதம் இருப்பின் காரணம் என்று ஐந்து கட்டங்கள். முதல் வருடம் எண்ணிக்கைக் கட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு. பத்து வருடம் கழித்து முப்பத்தொன்று. தொண்ணூறுகளில் ஒன்று, இரண்டு. நான்காவது கட்டத்தில் எல்லா வருடமும் ‘இல்லை’. ஐந்தாவது கட்டத்தில் மை பட்டதே கிடையாது.

1969இல் லிபுஷேயைக் கல்யாணம் செய்துகொண்டார். லிபுஷே தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். எந்த விஷயத்தையும் உறையைப் பிரிக்காமலே தெரிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பிரித்துமே தெரியாத ஒன்றை அவள் கல்யாணமான முதல் கோடையில் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

“ஏன் லோய்ஸா, தெனமும் ஆண் கொடி, ஆண் கொடின்னு கெளம்பிப் போறியே, அது பாக்க எப்படித்தான் இருக்கும்?”

அலோயிஸ் சூப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பாத்தா தெரியும்.”

“எங்க பாக்குறது? நீதான் ஒண்ணையும் விட்டு வைக்க மாட்டேங்குறியே.”

“அதான் வேலையே.”

பேச்சு அங்கே முடிந்தது. அந்த வீட்டில் அது மறுபடி எழவில்லை. இரண்டு மகள்கள் பிறந்தார்கள். இரண்டாவதும் பெண் என்று தெரிந்த அன்று மதுக்கடை வ்லாஸ்தா, கடை நிறைய ஆள் இருக்கும்போது, “அடேயப்பா, வீட்டுக்குள்ளயும் ஒரு ஆண விட்டு வைக்கல பாரு. வேலைன்னா இப்படிப் பாக்கணும்,” என்று ஒரு குவளையை இலவசமாக நீட்டினாள். மணி பன்னிரண்டு ஆகாததால் அலோயிஸ் அதை வாங்கவில்லை.

மற்றபடி அவர் வாழ்க்கையில் குறிப்பிட வேண்டியது ட்யூபா. ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில், வரிசையின் கடைசியில், தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த ஒரு ட்யூபாவைச் சுமந்து ‘பூம்’ என்ற ஓசையைத் தேவையான இடத்தில் வைப்பார். தேவையில்லாத இடத்தில் வைத்ததில்லை.

பின்னாளில் அவர் எல்லையில் அவர் கால் படாமல் போன ஒரே இடம் பழைய செங்கல் சூளை. ஆட்சி மாறி, கம்யூனிஸ்ட் அரசு பிடுங்கிய சொத்துகளைப் பழைய உடைமைக்காரர்களுக்குத் திருப்பித் தர ஆரம்பித்தபோது, சூளை கனடாவில் இருந்த மூன்று பங்காளிகளுக்குப் போனது. மூவரும் தமக்குள் பேசிக்கொள்வதில்லை. வாசலில் ஒரு பூட்டு தொங்கியது. உள்ளே போக அனுமதி கேட்டு அலோயிஸ் நான்கு வருடம் கடிதம் எழுதினார். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சுவர் ஏறுகிற ஆள் அல்ல அவர். வெளியே நின்று பைனாகுலரில் சுவருக்கு மேல் தெரிந்தவரை பார்ப்பார். தெரிந்தவரை ஒன்றும் இல்லை.

1996இல் ஊருக்குப் புதுப் பாதிரியார் வந்தார். பெயர் யெரோனிம், வயது முப்பத்தொன்று, திராட்சை விளைகிற மொராவியாக்காரர். வந்ததும் பழைய பதிவேடுகளைப் புரட்டி, ஜூலை நடுவில் புனித மார்கேட்டாவின் திருநாளன்று அவள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஹாப் தோட்டங்களைச் சுற்றி ஆசீர்வதிக்கிற வழக்கம் ஊரில் இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். நாற்பத்தைந்து வருடமாக நின்றுபோயிருந்தது. மறுபடி தொடங்குவோம் என்றார். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் ஊரில் பதினோரு பேர். ஆனால் ஹாப்புக்கு நல்லது என்றால் மற்றவர்களும் வரத் தயார்.

சொரூபத்தை அலங்கரிக்கும் பொறுப்பு லிபுஷேயிடம் வந்தது. மார்கேட்டாவின் காலடியில் ஒரு நாகம் வாய் பிளந்து கிடக்கும். அதன் கழுத்தில் ஹாப் மாலை போட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். ஹாப்பை ஆசீர்வதிக்கப் போகிறவளுக்குக் காகிதப் பூ போடுவது கேவலம். ஆனால் தோட்டத்தில் கை வைக்க முடியாது. பூக்கிற சமயத்தில் ஒரு கொடியை அறுத்தால் சங்கம் அறுத்தவரை அறுத்துவிடும். இந்த யோசனையோடு அவள் ஒருநாள் புதரில் பழுத்த சிவப்புக் குறும்பழம் பறிக்கச் சூளையின் பின்பக்கம் போனாள். அங்கே சுவரில் ஒரு சந்து. கனடாக்காரர்கள் பழத்துக்காகத் திரும்பி வரப்போவதில்லை என்பது அவள் கட்சி.

உள்ளே, வெளிக்காற்று எட்டாத சுவர் மறைவில், பாதி இடிந்த புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு ஹாப் கொடி நின்றது.

ஹாப் ஊரில் பிறந்தவளுக்கு இலையைப் பார்த்தவுடன் தெரியாதா? தெரிந்தது. பூதான் விநோதமாக இருந்தது. அடக்கமான முடிச்சாக இல்லாமல், கொத்துக் கொத்தாகத் தொங்கி, தொட்டதற்கெல்லாம் ஆடிக்கொண்டு, அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி. லிபுஷே ஒரு நிமிஷம் யோசித்தாள். ஹாப் என்றால் பெண் என்று அவள் ரத்தத்தில் இருந்தது. ஆகவே அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: பாவம், கவனிக்க ஆளில்லாமல் இப்படித் தலைவிரி கோலமாக நிற்கிறாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

திருநாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே கோயில் அறையில் உட்கார்ந்து இரண்டு பெண்களோடு மாலை கட்டினாள். அலோயிஸிடம் சொல்லவில்லை. அவரை ஆச்சரியப்படுத்த நினைத்தாள். அந்த எண்ணம் பலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் சொரூபம் தயாராக நின்றது. சொரூபத்தைத் தூக்கும் நால்வரில் ஒருவர் சங்கத் தலைவர் ஷ்கோபெக். கறுப்புக் கோட்டு, முப்பது வருட ஹாப் அனுபவம். அவர் மாலையைக் கூர்ந்து பார்த்தார்.

“என்ன லிபுஷே, இந்தக் கொடி இப்படி அவுந்து கெடக்கு?”

“சூளைக்குள்ள கெடந்தது தலைவரே. தண்ணி ஊத்த ஆளில்ல, எரு போட ஆளில்ல.”

“அதான பாத்தேன். தழைச்சத்து பத்தல. சத்து பத்தலன்னா பூ இப்படித்தான் லூசா வரும்.”

“சத்தெல்லாம் இல்ல, பூச்சி,” என்றார் இன்னொருவர்.

“செங்கல் தூளு. வேர்ல சுண்ணாம்பு ஏறிருச்சு,” என்றார் மூன்றாமவர்.

வ்லாஸ்தா எட்டிப் பார்த்தாள். “வயசாயிருச்சுய்யா. அம்பதுக்கு மேல என் முடியும் இப்படித்தான் ஆச்சு.”

ஆறு நிபுணர்கள் ஆறு காரணம் சொன்னார்கள். ஒருவர் வைத்தியமும் சொன்னார். அந்த நேரத்தில் ஏழாவது நிபுணர் தெருக்கோடியில், மதுக்கடை வாசலில், ட்யூபாவின் ஊதுவாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பாதிரியார், அடுத்து மார்கேட்டா, அடுத்து பெண்கள், குழந்தைகள், பிறகு வாத்தியக் குழு, குழுவின் கடைசியில் அலோயிஸ். ட்யூபாவைத் தோளில் ஏற்றிவிட்டால் அவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது. நல்ல காற்று. தோட்டங்களில் பெண் பூக்கள் வெள்ளை மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் எதற்கும் இணங்கத் தயாராக நின்றன. முதல் தோட்டத்தைச் சுற்றினார்கள். நின்று ஜெபித்தார்கள். சொரூபத்தை ஆசீர்வாதமாக நான்கு திசைக்கும் ஆட்டினார்கள். இரண்டாவது தோட்டத்தில் பாதிரியார் உற்சாகமாகி, “இன்னும் கொஞ்சம் ஒசத்தி ஆட்டுங்க, எல்லாக் கொடிக்கும் ஆசீர்வாதம் போய்ச் சேரணும்,” என்றார். போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது தோட்டத்தின் பாதை முட்டுச்சந்து. சொரூபம் திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த வழியே வர வேண்டும். அப்படி வரும்போதுதான் மார்கேட்டாவும் அலோயிஸும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் முதலில் பார்த்தது மாலையை அல்ல. ஷ்கோபெக்கின் கறுப்புக் கோட்டுத் தோளை. அதன் மேல் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. ஷ்கோபெக்கும் அதைப் பார்த்திருந்தார். நடந்துகொண்டே இரண்டு விரலால் தேய்த்து, பக்கத்தில் தூக்கி வந்தவரிடம் காட்டினார்.

“பாத்தியா, மஞ்சள் எறங்கிருச்சு. இந்த வருஷம் எல்லாம் சீக்கிரம்.”

ஹாப் கூம்பின் இதழ்களுக்கடியில் மஞ்சள் வரும், உண்மைதான். பியரின் கசப்பே அதுதான். ஆனால் அது ஆகஸ்டில் வரும், பிசுபிசுக்கும், வாசம் மூக்கைத் துளைக்கும். ஜூலையில் வந்து, காய்ந்த மாவு மாதிரி பறந்து, ஒரு வாசமும் இல்லாத மஞ்சள் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. முப்பது வருடமாக அதை இந்த ஊருக்குள் விடாமல் பார்த்துக்கொண்டவர் ட்யூபாவோடு நின்றார். அவர் கண் தோளிலிருந்து மேலே போய், நாகத்தின் கழுத்தைச் சேர்ந்தது.

ட்யூபா ஒரு ‘பூ’வோடு நின்றது. ‘ம்’ வரவில்லை.

அலோயிஸ் கருவியைக் கீழே வைத்தார். பழக்கமில்லாத கையால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல மாலையை நாகத்தின் கழுத்திலிருந்து அசையாமல் எடுத்தார். எடுத்து ட்யூபாவின் அகன்ற வாய்க்குள் திணித்தார். மாலை நீளம் மூன்று மீட்டர். முழங்கையால் அழுத்த வேண்டியிருந்தது. கடைசியில் தொப்பியைக் கழற்றி மேலே மூடினார்.

“லோய்ஸா!” லிபுஷேயின் குரல் நான்காவது தோட்டம் வரை கேட்டிருக்கும். “பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு? மூணு நாளு உக்காந்து கட்டியிருக்கேன்!”

“தெரியாம கட்டிட்ட.”

“என்ன தெரியாம?”

அலோயிஸ் சுற்றிலும் பார்த்தார். பெண்கள், குழந்தைகள், வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். இவர்கள் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

“அது ஆம்பள,” என்றார்.

“யாரு?” என்றார் பாதிரியார்.

“மாலை, ஃபாதர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. காற்று மட்டும் வீசியது. அது இத்தனை நேரம் வீசியது என்ன வீச்சு என்று ஒவ்வொருவருக்கும் மெதுவாக உறைத்தது. ஷ்கோபெக் தன் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார்.

“தட்டாதீங்க தலைவரே!” அலோயிஸ் குரல் உயர்ந்தது அன்றுதான். “அசையாம நில்லுங்க. மூச்சு கூட மெதுவா விடுங்க.”

ஷ்கோபெக்கின் கோட்டை இரண்டு பேர் பொத்தான் பொத்தானாகக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டினார்கள். அதையும் அலோயிஸ் வாங்கிக்கொண்டார். ட்யூபாவைக் கட்டிப்பிடித்தபடி ஓடைக்குப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதை முழுக்க அமுக்கிப் பிடித்தார். குமிழி வருவது நின்ற பிறகும் கால் மணி நேரம் பிடித்திருந்தார். லிபுஷே பின்னாலேயே வந்து கரையில் நின்றாள்.

“நீதான சொன்ன, பாத்தா தெரியும்னு,” என்றாள். “பாத்தேன். தெரியல.”

அன்று மத்தியானமே அலோயிஸ் சுவர்ச் சந்து வழியாக, அனுமதி இல்லாமல், சூளைக்குள் நுழைந்தார். வேர் தொடை கனம் இருந்தது. நான்கு வருடமாகக் கேட்டிருந்த அனுமதி அடுத்த வியாழக்கிழமை தபாலில் வந்தது. உறையைக் கொண்டுவந்து கொடுத்தவள் லிபுஷேதான்.

ஷ்கோபெக் வீடு தேடி வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“அலோயிஸ், படிவத்துல எழுதப்போறியா?”

“எழுதணுமே.”

“எழுதுனா ஒன் வேல போயிரும்யா. எழுதலன்னா ஒண்ணுமில்ல. புடுங்கியாச்சு, எரிச்சாச்சு. யாருக்குத் தெரியப்போவுது?”

“விதைக்குத் தெரியும், தலைவரே.”

ஷ்கோபெக் தலையில் அடித்துக்கொண்டு போனார். வருட முடிவுக்குக் காத்திராமல் அலோயிஸ் பேனாவை எடுத்தார். ஒரு வேலையைத் தவிர வேறு வேலை பழகாத ஐம்பத்தாறு வயது ஆள், அந்த வேலையைத் தானே எழுதிக் கழிக்கிறோம் என்று தெரிந்தே, அச்செழுத்து மாதிரி எழுதினார். கண்ட இடம்: நாகத்தின் கழுத்து. படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தையும் ஓரத்தில் சேர்த்துக்கொண்டார், கண்டெடுத்தவர்: மனைவி.

கூம்பு முற்ற ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் சூப்பில் உப்பு இல்லை. அலோயிஸ் கேட்கவில்லை. மாலை வேளைகளில் மூன்று தோட்டத்து வேலி ஓரமாக நடந்துவிட்டு வருவார். மருத்துவமனை வராந்தாவில் நடப்பவர் மாதிரி. ஆகஸ்ட் கடைசியில் அறுப்பு. நகரத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் கூம்பை எடுத்து நெடுக்காகப் பிளந்து பார்த்தார்கள். ஆறு தோட்டம் சுத்தம். முத்திரை விழுந்தது. மார்கேட்டா ஆசீர்வதித்த மூன்று தோட்டத்திலும் விதை. அதுவும் நல்ல திடமான, ஆரோக்கியமான விதை. முத்திரை இல்லை.

வ்லாஸ்தாவின் கடையில் ஞாயிறு மத்தியானம் சங்கக் கூட்டம் போட்டார்கள். விஷயம் ஒன்றுதான்: குபிஷ்டாவை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா. அலோயிஸ் வேலையைச் சுலபமாக்கியிருந்தார். மண்வெட்டி, கோணிப்பை, பதினேழு குச்சிகள் மீதமிருந்த தீப்பெட்டி, ஒரு ராஜினாமாக் கடிதம் என்று எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“வருத்தமாத்தான் இருக்கு,” என்று தொடங்கினார் விதை பிடித்த மூன்று தோட்டக்காரர்களில் ஒருவர். “ஆனா ஒரு ஆம்பளயத் தப்ப விட்டுட்டாரே.”

லிபுஷே எழுந்தாள். அவள் சங்க உறுப்பினர் இல்லை. கூட்டத்துக்குப் பரிமாற வந்தவள். கையில் உருளைக்கிழங்குக் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“ஒரே ஒரு கேள்வி. ஆண் ஹாப் பூவக் கண்ணால பாத்தவங்க கையத் தூக்குங்க.”

ஷ்கோபெக்கின் கை பாதி எழுந்தது. “நான் பாத்தேனே. என் கோட்டுல.”

“அதுக்கு முன்னாடி.”

கை இறங்கியது.

“அம்பது பேரு இருக்கீங்க. பொறந்ததுலேர்ந்து ஹாப்பு. கோயில் வாசல்ல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னீங்க. ஒருத்தரு தழைச்சத்துங்குறாரு, ஒருத்தரு பூச்சிங்குறாரு, இவ வயசுங்குறா. ஒருத்தராவது ஆம்பளன்னு சொன்னீங்களா? ஏன் சொல்லல? இந்த மனுஷன் முப்பது வருஷமா ஒங்க கண்ணுல ஒண்ணக் காட்டல. கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா நாமளும் ரெண்டு மூணு பாத்துப் பழகியிருப்போம். வேலைய ஒழுங்கா செஞ்சதுதான் இவரு செஞ்ச தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ அதக் குடுங்க.” உட்காரப் போனவள் திரும்பினாள். “வீட்லயும் காட்டல. அதுக்குத் தண்டனை நான் குடுத்துக்குறேன்.”

“குடுத்தாச்சு,” என்றார் அலோயிஸ், உப்பை நினைத்து.

பாதிரியார் யெரோனிம் கை தூக்கிப் பேசினார். “எங்க ஊர் திராட்சையில ரெண்டும் ஒரே பூவுல இருக்கும். பிரச்சினையே வந்ததில்ல.”

“அதான் ஃபாதர், ஒங்க ஊர்ல பியர் இல்ல,” என்றாள் வ்லாஸ்தா.

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் ஒரு தீர்மானம் நிறைவேறியது. எதிரி யார் என்று ஊர் அறிய வேண்டும். அதற்காக ஊர் எல்லைக்குள் ஓர் ஆண் கொடியை, கட்டுக்காவலோடு, வளர்க்க வேண்டும். வளர்ப்பது யார் என்ற கேள்விக்கு ஐம்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின. விஷயம் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தானே.

“முடியாது,” என்றார் அலோயிஸ். முப்பது வருடத்தில் சங்கத்துக்கு அவர் சொன்ன முதல் மறுப்பு. “நான் என் கையால அதுக்குத் தண்ணி ஊத்தணுமா?”

“நான் ஊத்துறேன்,” என்றாள் லிபுஷே.

ராஜினாமாக் கடிதம் திருப்பித் தரப்பட்டது. அதன் பின்பக்கம் காலியாக இருந்ததால் தீர்மானத்தை அதிலேயே எழுதினார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு சிக்கல் தெரிந்தது. அலோயிஸின் எல்லைக்குள் வளர்ப்பதற்கு ஓர் ஆண் கொடி கூட இல்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம். பேருந்து ஏறி, மூன்று ஊர் தாண்டி, ஹாப் பயிரிடாத, காட்டு ஹாப் மட்டும் படர்ந்த ஒரு காட்டோரம் போய், அங்கிருந்தவர்களிடம் போன கோடையில் எந்தக் கொடி கூம்பு விடவில்லை என்று விசாரித்து, ஒரு துண்டு வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். பக்கத்து இருக்கைக்காரர் “என்னங்க அது, ரோஜாவா?” என்று கேட்டதும் செய்தித்தாளை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

கொல்லையில் நட்டார். மொட்டு விட்டதும் ஒரே ஒரு கிளையை விட்டு மற்றதை நறுக்கினார். அந்தக் கிளைக்கு உறை போட வேண்டும். கொசுவலை போட்டால் தூள் வெளியே வரும். மெல்லிய துணியும் உதவாது. யோசித்து யோசித்து, வாத்து இறகை வெளியே விடாத அளவுக்கு நெருக்கமாக நெய்த துணி ஒன்று வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. அது லிபுஷே கல்யாணத்துக்குக் கொண்டுவந்த இறகுப் போர்வையின் உறை. அவளிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தவித்தார். அவள் மூன்றாம் நாள் தானே பிரித்து, பை தைத்து, வாயில் நாடா கோத்துக் கொடுத்தாள்.

ஜூலையில் ஊர் வந்து பார்த்தது. துணி துவைக்கும் அறையில், ஜன்னல்களுக்கெல்லாம் ஈரப் போர்வை தொங்கவிட்டு, பைக்குள்ளேயே வெட்டியெடுத்த ஒரு கொத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள். ஷ்கோபெக் மட்டும் கோட்டு போடாமல் வந்தார். அலோயிஸ் ஒரு குச்சியால் சுட்டிக் காட்டினார்.

வ்லாஸ்தா மூக்கைக் குடுவையில் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“இதுவா?” என்றாள். “இதுக்கா இத்தன வருஷம்?”

“இதுதான்.”

“பாவமா இருக்குய்யா பாக்க.”

வெளியே போகும்போது ஒவ்வொருவரும் கை கழுவ வேண்டும் என்பது விதி. கழுவினார்கள். அந்த வருடம் ஒன்பது தோட்டத்துக்கும் முத்திரை விழுந்தது. பாதை ஓரத்தில் முளைத்த ஓர் ஆண் கொடியை, அலோயிஸ் போவதற்குள், இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் அடையாளம் கண்டு வந்து சொன்னார்கள். அவர் நன்றி சொன்னார். அன்றைக்கு முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

இதற்கடுத்த வருடம் மே மாதத்தில் மழை இல்லை. கொல்லையில் பீன்ஸ் வாடியது, வெங்காயம் சாய்ந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு லிபுஷேயுடையது. அவள் காலையில் வாளியோடு போனால் ஆண் கொடியின் அடியில் மண் ஏற்கெனவே நனைந்திருந்தது.

“நேத்து மழையா லோய்ஸா?”

“பனி.”

“அது மேல மட்டுமா?”

அலோயிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடிக்க வெகுநேரம் ஆனது.

அந்த வருட முடிவில் படிவத்தை எடுத்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். கண்ட இடம்: ஓடைக்கரை. எண்ணிக்கை: ஒன்று. அகற்றிய முறை: வேரோடு, எரித்து. மீதமுள்ள ஆண் கொடிகள் என்ற கட்டத்தில் பேனா நின்றது. முப்பது வருடப் பழக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்தி, ‘ஒன்று’ என்று எழுதினார். போன வருடம் அந்தக் கட்டத்தைத் தீர்மானத்தின் நகலை ஊசியால் குத்திச் சமாளித்திருந்தார். இந்த வருடம் ஐந்தாவது கட்டத்தைத் தானே நிரப்ப வேண்டும் என்று நகரத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மீதம் இருப்பின் காரணம். கட்டம் சின்னது. ஒரு வார்த்தைக்குத்தான் இடம்.

“என்ன எழுதப்போற?” என்றாள் லிபுஷே, அடுப்புப் பக்கம் பார்த்தபடி. அவள் சூப்பில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அலோயிஸ் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். காய்ந்த கொடியின் மேல் இறகுப் போர்வைத் துணி தொங்கியது. அதைக் கழற்றி உள்ளே எடுத்து வைக்க இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

‘தேவைப்படுகிறது’ என்று எழுதி, ஊதிக் காயவைத்து, உறையில் போட்டு லிபுஷேயிடம் கொடுத்தார்.

படிவம் நகரத்திலிருந்து திரும்பி வரவில்லை. காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.